கத்தரி படாத பட்டு

ஃபிஜியில் நான் போட்டுக்கொண்டு பூசை வைத்த உடுப்புகள் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. உள்ளே கணுக்கால்வரை பருத்தி அங்கி, அதற்கு மேல் இந்தப் பட்டு. கரும்புக்காட்டு வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு மணி நேரம். பிரசங்கம் முடிவதற்குள் வியர்வை முதுகில் கோடு போட்டு இறங்கும். "அக்கா, ஏன் இவ்வளவு கனமாகத் தைக்கிறீர்கள்?" என்று கேட்டால், கோயிலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே டைலரக்கா பதில் சொல்வார்.

"கனமா இருந்தாத்தான் பாதர் பூசைய மெதுவா வெப்பீங்கோ. நீங்கோ ரொம்ப ஓட்றீங்கோ."

நான் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரன். இரண்டாயிரத்தில் கலகம் நடந்ததே, அதற்குச் சில மாதங்கள் முன்னால் சபை என்னை லோவு என்கிற ஊருக்கு அனுப்பியது. லவுட்டோக்காவுக்கு வெளியே போகிற சாலையில், கரும்புக்கு நடுவில் ஒரு சின்னக் கோயில். அங்கே பூசை இந்தியில், பாட்டு இந்தியில், சண்டையும் இந்தியில். கரும்பு வெட்ட ஆற்காட்டுப் பக்கமிருந்து கப்பலேறிப் போனவர்களின் கொள்ளுப்பேரன்களுக்குத் தமிழ் என்றால் ஜெபமாலையில் நாலு வரி, திட்டுவதற்கு இரண்டு சொல். என்னிடம் வாய் நிறையத் தமிழ் பேசியவர் டைலரக்கா ஒருவர்தான். அவருக்கு அப்போது அறுபது இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் டைலரக்கா. எங்கள் கோயிலின் பூசை உடுப்பு, பீடத்துணி, நற்கருணைப் பெட்டியின் திரை எல்லாம் அவர் கைவேலை.

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. பூப்போட்ட ஃபிராக்கின் கழுத்தோரத்தில் நூல் கோர்த்த ஊசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். கை மிஷினைச் சமையல் மேடைமேல் ஏற்றி வைத்து நின்றுகொண்டே தைப்பார். கைத்தையல் என்றால் நடந்துகொண்டே. வீட்டிலிருந்து கோயிலுக்குக் கரும்பு ரயில் தண்டவாளத்தை ஒட்டி அரை மணி நடை. அதற்குள் ஒரு பீடத்துணியின் ஒரு பக்க ஓரத்தை மடித்து அடித்துவிடுவார். பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போதும் அவர் மட்டும் கடைசித் தூணோரம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்கிற கணக்கு. ரேடியோவில் செய்தி என்றால் தையலை விடாமல் ரேடியோவைச் சுற்றிச் சுற்றி வருவார். அவரோடு பத்து நிமிஷம் பேசினால் எனக்கும் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி ஆகிவிடும்.

எண்பத்தேழில் நடந்ததை அவரே ஒருநாள் சொன்னார். அங்கே ஆட்சிக் கவிழ்ப்பை எல்லோரும் ஆங்கிலத்தில் சொல்கிற மாதிரி 'கூ' என்றுதான் சொல்வார்கள். அந்தக் கூவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது. பஸ் ஓடாது, கடை திறக்காது. இவர் வழக்கம்போல் பூசைக்கு நடந்து வருகிறார், கையில் பீடத்துணி, தையல் ஓடுகிறது. சாலைத் தடுப்பில் நின்ற ஃபிஜியச் சிப்பாய்ப் பையன் நிறுத்திவிட்டான்.

"இன்னிக்கி வேலை செய்யக்கூடாதுன்னு தெரியாதான்னு கேட்டான். இது சாமிக்குடா, பீடத்துல போட்றதுன்னு சொன்னேன். சாமியே இன்னிக்கி ரெஸ்ட் எடுத்துகினாருன்னு சொல்றான் பாதர்! நான் இன்னா பேசறது?"

"அப்புறம்?"

"ஊசியப் புடுங்கிக்கினான். துணியக் குடுத்துட்டான். அரைத் தையலோட பீடத்துல போட்டேன். திங்கக்கெழமை காலீல வீட்டு வாசல்ல நிக்கறான். ஒரு கையில என் ஊசி, ஒரு கையில கிழிஞ்ச சட்டை. 'இன்னிக்கி வேலை செய்யலாம்'ங்கறான்."

"தைத்துக் கொடுத்தீர்களா?"

"குடுக்காம? பையன் பாவம், பட்டன் ஒண்ணுகூட இல்ல."

இதைச் சொல்லும்போது சிரித்தார். அதே கூவுக்குப் பிறகுதான் அவருடைய இரண்டு மகன்களும் ஒருவர் பின் ஒருவராகக் கனடாவுக்குப் போனார்கள் என்பதைச் சொல்லவில்லை. அது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் கூ. சூவாவில் பாராளுமன்றத்துக்குள் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ரேடியோ சொன்னது. எங்கள் பக்கம் குண்டு வெடிக்கவில்லை. ஆனாலும் எல்லோர் வீட்டிலும் திடீரென்று பெட்டிகள் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டன. கரும்பு நிலங்களின் குத்தகையும் அந்த வருஷங்களில் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏதாவது ஒரு குடும்பம் முன்னால் வந்து நிற்கும். ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர். நான் ஜெபம் சொல்லி ஆசீர்வதிப்பேன். டைலரக்கா அவர்களை வாசலில் மறித்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "வந்துருங்கோ, வந்துருங்கோ" என்பார்.

போகிறவர்கள் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஃபிரிட்ஜ் தம்பிக்கு, பாத்திரம் பக்கத்து வீட்டுக்கு. பெண்கள் கல்யாணச் சேலையைக் கோயிலுக்கு. பெட்டியில் இடமில்லை, அங்கே போய் இதை எங்கே கட்டப்போகிறேன் என்பார்கள். யார் முதலில் கொடுத்தார்களோ தெரியாது, அது வழக்கமாகிவிட்டது. பச்சைப் பட்டு வந்தால் சாதாரண ஞாயிறுக்கு, சிவப்பு வந்தால் வேதசாட்சிகளின் திருநாளுக்கு, கத்தரிப்பூ நிறம் வந்தால் தவக்காலத்துக்கு. எல்லாவற்றையும் டைலரக்கா பூசை உடுப்பாக மாற்றினார்.

மாற்றினார் என்றா சொன்னேன்? மடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கத்தரியைத் தொடவே மாட்டார். ஐந்தரை மீட்டர்ச் சேலையை என் இடது தோள்மேல் முன்னும் பின்னும் போட்டு, பின்னால் கீழோரத்தில் திருப்பி, வலது தோள் வழியாக மறுபடி முன்னால் கொண்டுவருவார். நடுவில் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து, தலை நுழைய மட்டும் இடம் விடுவார். கழுத்துக்குக்கூட வெட்டு இல்லை. சேலைக்கரை நெஞ்சுக்கு நடுவே பொன் பட்டையாக இறங்கும். அகலத்தில் மிஞ்சியதையெல்லாம் உள்பக்கமாக மடித்து ஒளித்துவிடுவார். அதனால்தான் அந்தக் கனம்.

"மிஞ்சியதை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிசாக ஒரு உள்துணி வைக்கலாமே அக்கா."

"வெட்றது ஒரு நிமிஷம் பாதர்." அவ்வளவுதான். அதற்குமேல் வாங்க முடியாது.

பீடத்தில் நான் திரும்பி நிற்கும்போது பின்வரிசையில் பெண்கள் கிசுகிசுப்பது கேட்கும். "அது மேரியோட சேலை." "இல்லை, மேரியோடதில் மயில் இருக்கும்." இருநூறு பேர் உட்கார்ந்த கோயிலில் எழுபது பேர் ஆனபோது, போனவர்களின் சேலைகளைப் போட்டுக்கொண்டு இருப்பவர்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே ஒருமாதிரி இருந்தது. மாற்றல் கேட்டுச் சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ரோசலினுடைய சேலை வெள்ளைப் பட்டு, அகலமான சரிகைக் கரை. அவள் சவேனியில் கரும்பு போட்டிருந்தவரின் மனைவி. குத்தகை போன பிறகு புருஷனையும் மகள் அனிதாவையும் கூட்டிக்கொண்டு பிரிஸ்பேனுக்குப் போனாள். சுற்றுலா விசாவில் போய் அங்கேயே தங்கிவிட மனுப் போட்டிருப்பதாகக் கேள்வி. அந்தச் சேலை எங்கள் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் உடுப்பாயிற்று. இருந்ததிலேயே கனமானதும் அதுதான். மூன்று வருஷம் சுமந்தேன்.

நாலாவது கிறிஸ்துமஸ். அங்கே டிசம்பர்தான் கொடும் வெயில். காலைப் பூசையில் அப்பத்தை உயர்த்திப் பிடித்தேன், பொன் சரிகை கண்ணில் மின்னியது, அடுத்து நான் தரையில் கிடந்தேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கோயிலுக்கு நடுவில் எழுபது பேர் முன்னால் ஒரு சாமியார் மல்லாந்து கிடப்பது எத்தனை அவமானம் என்று அன்றைக்குத் தெரிந்தது. எழுந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. டைலரக்கா பக்கத்தில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சொன்னேனில்லையா?" என்றேன்.



ஜனவரியில் கனடா விசா விஷயமாக அவர் சூவாவுக்குப் போய் ஒரு வாரம் தங்கினார். அந்த வாரத்தில் நான் அந்த வெள்ளை உடுப்பை எடுத்துக்கொண்டு லவுட்டோக்கா டவுனுக்குப் போனேன். ஒரு தையல்கடையில் கொடுத்து, அதிகத் துணியை வெட்டிவிட்டு உள்துணி வையுங்கள் என்றேன். ஒரே நாளில் முடித்துவிட்டான்.

"மிச்சம் நிறைய இருக்கு ஃபாதர், எடுத்துட்டுப் போறீங்களா?"

"வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

உடுப்பு இறகு மாதிரி இருந்தது. அலமாரியில் கடைசிக் கொக்கியில் மாட்டிப் பூட்டினேன். வெள்ளை இனி ஈஸ்டருக்குத்தான். அதற்குள் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாரங்கள் போயின. சொல்லவில்லை.

தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. டைலரக்கா ஏறக்குறைய ஓடி வந்தார்.

"பாதர், சாவி! அல்மாரி சாவி! ரோசலின் வந்துட்டா! நான் சொன்னேன் இல்ல, வருவான்னு!"

"எந்த ரோசலின்? பிரிஸ்பேன் போன ரோசலினா?"

"அங்க இருக்கவுடல பாதர், திருப்பி அனுப்ச்சுட்டாங்கோ. போவட்டும். அனிதாவுக்குக் கல்யாணம், வரதோலி ஊருப் பையன், ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கெழமை. பொண்ணு அம்மா சேலையத்தான் கட்டிக்குவேன்னு நிக்குதாம். குடுங்கோ சாவிய, பிரிச்சுக் குடுத்துர்றேன், அரை மணி வேலை."

"பிரித்துக் கொடுப்பதா? கோயிலுக்குக் கொடுத்த சேலையையா?"

அவர் முதன்முறையாகத் தயங்கினார். "இரவல்தான் பாதர். எல்லாருக்கும் சொல்லித்தான் வாங்கினேன். வெட்டமாட்டேன், வந்தா எடுத்துக்கோன்னு. உங்களுக்குச் சொன்னா ஒத்துக்கமாட்டீங்கோ. அதான் சொல்லல."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சாவியைக் கொடுத்தேன். வாசலில் ரோசலின் நின்றிருந்தாள், இளைத்துக் கறுத்து. பக்கத்தில் அனிதா. போகும்போது பள்ளிக்கூடப் பெண், இப்போது என் உயரம். இருவரும் எங்களோடு உடுப்பு அறைக்குள் வந்தார்கள்.

டைலரக்கா உடுப்பைக் கொக்கியிலிருந்து எடுத்தார். எடுத்த கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கை, பழகிய கனத்துக்குத் தயாராகப் போய், சும்மா மேலே ஏறிவிட்டது. உள்பக்கத்தைத் திருப்பினார். வெள்ளைப் பாலியஸ்டர் உள்துணி. அதன் ஓரத்தில் மிஷின் தையல். விரலால் அதைத் தடவினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ரோசலின் பக்கம் திரும்பி இந்தியில் பேசினார்.

"மன்னிச்சுடு ரோசலின். நான்தான் வெட்டிட்டேன். பாதர் மயங்கி விழுந்துட்டாரு, கனத்தைக் குறைக்கணும்னு அவசரத்துல வெட்டிட்டேன்."

ரோசலின் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சன்னல் பக்கம் பார்த்தேன்.

"பரவாயில்லம்மா, வேற சேலை கட்டிக்கறேன்" என்றாள் அனிதா. ரோசலின் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அவர்கள் போன பிறகு டைலரக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "மிச்சத் துணி எங்க?"

கடைப் பெயரைச் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் போனார். மத்தியானம் திரும்பி வந்தார், வெறுங்கையோடு. "முந்தானைய வளையல் பையாத் தெச்சு வித்துட்டானாம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார்.

செய்தி பரவிற்று. அந்த வாரத்திலேயே பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தி, "எங்க அண்ணி சேலை இங்க இருக்கு ஃபாதர், எடுத்துக்கறோம்" என்றாள். இன்னொருத்தி மருமகளுடையதைக் கேட்டு வந்தாள். நான் சாவியைக் கொடுக்க, டைலரக்கா நின்றபடியே பிளேடால் ஒரு முடிச்சை அறுத்து நூலை இழுப்பார். தையல் முழுவதும் ஒரே சங்கிலியாக உருவிக்கொண்டு வரும். சேலை ஐந்தரை மீட்டரும் தரையில் விரியும், மடிப்புக் கோடுகளோடு, ஒரு நூல் குறையாமல். அவர்கள் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஒருவேளை, நான் நின்றதால்தான் பேசவில்லையோ என்னவோ. அலமாரியில் வெறும் கொக்கிகள் கூடிக்கொண்டே போயின. இத்தனை நாள் உழைத்த ஒரு மனுஷியை என் ஒரு மௌனத்தால் ஊர் சந்தேகப்படுகிறதே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மகன்கள் டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். விசா வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் விமானம். அவர் வீட்டுக்குள் நடந்து நடந்து பொருள்களை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உண்மையை நான் சொல்லிவிடுகிறேன்."

"எதுக்கு?"

"உங்கள் பெயர் கெடுகிறது."

"நான் போறவ பாதர். டைலர் தப்பு பண்ணா வேற டைலர்கிட்டப் போவாங்கோ. சாமியார் திருட்டுத்தனம் பண்ணாருன்னு தெரிஞ்சா எங்க போவாங்கோ? ஏற்கெனவே பாதிப் பேரு இல்ல. நீங்கோ இங்க இருக்கப் போறவரு."

என் மாற்றல் கடிதம் அவருக்குத் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை. வெளியே வந்து தண்டவாளத்தை ஒட்டி நடக்கும்போது மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. ஒரு நல்ல மனுஷி என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்கிற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

ஈஸ்டர் ஞாயிறு காலை. வெள்ளை உடுப்பு என்று இருந்தது அது ஒன்றுதான். கையில் எடுத்தேன். போட முடியவில்லை. வெறும் அங்கியும் கழுத்தில் ஸ்டோல் பட்டையும் மட்டும் போட்டுக்கொண்டு பீடத்துக்குப் போனேன். பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன், அதை வாசிக்கவில்லை. என் தவறான இந்தியில் சொன்னேன். "ரோசலினுடைய சேலையை டைலரக்கா வெட்டவில்லை. நான் டவுனில் கொடுத்து வெட்டினேன். அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார். நான் ஒரு மாதம் சும்மா இருந்தேன். ரோசலின், அனிதா, எல்லோரும் என்னை மன்னியுங்கள்."

கோயில் அதிரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழவர் இருமினார். யாரோ குழந்தையைத் தட்டிக்கொடுத்தார்கள். டைலரக்கா தூணோரத்திலிருந்து விடுவிடுவென்று வெளியே போனார்.

பூசை முடிந்ததும் ரோசலின் உடுப்பு அறைக்கு வந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் ஃபாதர்."

"அக்கா சொன்னாரா?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்? அவங்க கத்தரியத் தொடமாட்டாங்கன்னு லோவுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க சன்னலைப் பார்த்துட்டு நின்னீங்களே, அப்பவே தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"அப்படியென்றால், சேலைகளைத் திருப்பி வாங்கிப் போனார்களே?"

அவள் சொல்லத் தயங்கினாள். அப்புறம் சொல்லிவிட்டாள். "சாவி உங்ககிட்ட இருந்துச்சு இல்ல, அதான்."

அவர்கள் சந்தேகப்பட்டது அவரை அல்ல. அந்த ஒரு மாதமும் ஊரே எனக்காகக் காத்திருந்திருக்கிறது, நான் எத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருப்பேன் என்று பார்த்துக்கொண்டு. மறுநாளே சபைத் தலைவருக்கு எழுதினேன், மாற்றல் வேண்டாம் என்று.

அந்தத் திங்கட்கிழமை டைலரக்கா ஒரு பெரிய கத்தரியோடு வந்தார். என்மேல் கோபம் தணிந்திருக்கவில்லை.

"இன்னா அவசரம் உங்களுக்கு? நான் ஏரோப்ளேன் ஏறின பிறகு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு, "அந்த வெள்ளைய எடுங்கோ. சேலை ஆகாது. அனிதாவுக்கு ஒரு ஜாக்கெட்டும் தலைக்கு முக்காடும் ஆகும். ரோசலின்கிட்ட கேட்டுட்டேன். அந்தக் கோடியப் புடிச்சுக்கோங்கோ."

உள்துணியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பட்டை மேசைமேல் விரித்தார். கோடு போடவில்லை, அளவெடுக்கவில்லை. கத்தரியை வைத்தார், ஒரே ஓட்டம். தோள், அக்குள் வளைவு, கழுத்து. எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. கத்தரி துணிக்குள் நீந்தியது. இப்படி வெட்டத் தெரிந்தவரா இவர்?

"எங்கே கற்றீர்கள் அக்கா?"

"லவுட்டோக்காவுல கார்மெண்ட் ஃபேக்டரி. பன்னண்டு வருஷம் கட்டிங் மேசையில நின்னேன் பாதர். முப்பது துணி ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு ஒரே வெட்டு. நாளைக்கு நூறு சட்டை, எரநூறு சட்டை." அடுத்த வளைவைத் திருப்பினார். "ஒரு சட்டைகூட இங்கத்து மனுஷன் போடல. நான் வெட்டின எல்லாமே கப்பல் ஏறிப் போயிட்ச்சு."

நான் அந்தக் கோடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அனிதாவின் கல்யாணத்தை நான்தான் நடத்தி வைத்தேன். வரதோலியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். கடையில் வாங்கிய புதுச்சேலைக்கு மேல் அந்தப் பட்டு ஜாக்கெட், தலையில் சரிகை முக்காடு. டைலரக்கா பின்னால் நின்று முக்காட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. மணமக்களிடம் வார்த்தைப்பாடு வாங்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து ஒரு ஊசியைக் குத்திவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாந்தி விமான நிலையத்துக்கு அவரை நான்தான் கோயில் வேனில் கூட்டிப்போனேன். ரோசலின் கூட வந்தாள். கை மிஷினை அவளுக்குக் கொடுத்திருந்தார். ஒரு சின்னப் பெட்டி, ஒரு பை, அவ்வளவுதான் சாமான். கூட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம், நாலு பெட்டிகளைத் திரும்பத் திரும்ப எடை போட்டுக்கொண்டிருந்தது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அத்தனை பேரிடமும் சொன்னதையே சொன்னேன்.

"வந்துவிடுங்கள் அக்கா."

"இல்ல பாதர்." கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். "நான் வரமாட்டேன். எனக்காவ யாரும் எதையும் எடுத்து வெக்க வேணாம்."

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அவர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தார், அதே வேகத்தில். ரோசலின் வெகுநேரம் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.